அடுக்குகளுக்கு நடுவே ஒரு படிக்கட்டு: இயங்குதளத்தில் நெட்வொர்க் இடைமுகங்களை வடிவமைப்பது

தரவைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபி வழியாக ஒரே ஒரு எழுத்தை, அதாவது 1 பைட்டை, அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிசிபி அடுக்கு தன் பங்குக்கு 20 பைட் ஹெடரை, அதாவது முகப்புத் தகவலை, முன்னால் ஒட்டும். முகவரி பார்த்து வழிகாட்டும் ஐபி அடுக்கு இன்னொரு 20 பைட். ஈதர்நெட் 14 பைட். மொத்தம் 55 ஆயிற்று. பிழை சரிபார்ப்புக்கான கடைசி 4 பைட்டைச் சேர்க்காமல் ஈதர்நெட் ஃபிரேம் (கம்பியில் போகும் ஒரு பொட்டலம்) குறைந்தது 60 பைட் இருக்க வேண்டும். அதனால் 5 பைட் வெறும் நிரப்பலாகப் போகும். எல்லாம் சேர்ந்து கம்பியில் ஏறும் ஃபிரேம் 64 பைட்.

இந்தக் கணக்கு பாடநூல்களில் இருக்கிறது. அதோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளின் படமும் இருக்கும். 1984இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிட்ட ஏழு அடுக்கு மாதிரி அப்படித்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் சொந்தமாக ஒரு சிறு இயங்குதளம் எழுத உட்காருகிறவருக்கு அந்தப் படம் பாதி தூரம்கூடத் துணைக்கு வராது. மாடி வீடு கட்டுகிறவர் தளத்தைவிடப் படிக்கட்டை எங்கே வைப்பது என்றுதான் அதிகம் யோசிப்பார். நெட்வொர்க் அடுக்குகளிலும் கடினமான வேலை அங்கேதான் இருக்கிறது: ஒரு அடுக்கு இன்னொன்றை எந்த ஃபங்ஷன் வழியாகக் கூப்பிடுகிறது, எதைக் கையில் கொடுக்கிறது, கொடுத்தபின் அது யாருடையது, கூப்பிட்ட நேரத்தில் காத்திருக்கலாமா கூடாதா. இந்த நான்கையும் எழுதி வைத்துவிட்டால் டிசிபியை உள்ளே நிரப்புவது பொறுமையின் வேலை. எழுதாமல் தொடங்கினால் டிசிபி வேலை செய்யும். பத்து நிமிடம் கழித்து இயங்குதளத்தின் மையமான கெர்னல் விழும்.

எத்தனை அடுக்கு, என்னென்ன கதவு

நடைமுறைக் கெர்னல்களில் ஏழு அடுக்கு கிடையாது. மேலே நிரல்கள் நெட்வொர்க்கைத் தொடும் சாக்கெட், அதன் கீழே டிசிபியும் உத்தரவாதமின்றி அனுப்பும் யுடிபியும், அதன் கீழே ஐபி, அடியில் நெட்வொர்க் கார்டை இயக்கும் டிவைஸ் டிரைவர். நான்கு போதும். 1983இல் வந்த 4.2பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் இயங்குதளம் இப்படித்தான் பிரித்தது. இன்றைய கெர்னல்கள் பலவற்றில் அந்தப் பிரிவின் சாயல் இன்னும் இருக்கிறது.

பிஎஸ்டி செய்த நல்ல காரியம், ஒவ்வொரு நெறிமுறையையும் ஃபங்ஷன் பாயிண்டர்கள் (ஃபங்ஷன்களின் முகவரிகள்) அடங்கிய ஒரு அட்டவணையாக விவரித்தது. கீழிருந்து பாக்கெட் வந்தால் கூப்பிட ஒன்று, மேலிருந்து அனுப்ப ஒன்று, கீழிருந்து பிழைச்செய்தி வந்தால் கூப்பிட ஒன்று, மேலிருந்து அமைப்புகளை மாற்ற ஒன்று, டைமருக்கு இரண்டு. டைமர்களில் ஒன்று 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையும் மற்றது 500 மில்லிசெகண்டுக்கு ஒருமுறையும் ஓடும். இதில் புதியவர்கள் தவறாமல் விட்டுவிடுவது பிழைச்செய்திக் கதவு. 'அனுப்பு', 'பெறு' என்ற இரண்டோடு நிறுத்திவிடுவார்கள். அது ஏன் போதாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

டிவைஸ் பக்கம் இன்னும் எளிது: திற, மூடு, அனுப்பு என்று மூன்று ஃபங்ஷன்கள். அவற்றோடு சில தகவல்கள்: வன்பொருள் முகவரி, எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு), ஹெடருக்கு முன்னால் எவ்வளவு காலியிடம் வேண்டும் என்ற எண். டிவைஸிடம் 'பெறு' என்ற ஃபங்ஷன் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேபிளில் எப்போது என்ன வரும் என்று மேலடுக்குக்குத் தெரியாது. அது போய்க் கேட்க முடியாது. வந்ததும் டிரைவர்தான் மேலே தள்ள வேண்டும். கீழடுக்கு மேலடுக்கைக் கூப்பிடும் இந்த முறையைக் கணினி அறிவியலாளர் டேவிட் கிளார்க் 1985இல் ஒரு தனி வடிவமைப்பு உத்தியாகவே விளக்கி எழுதினார்.

பாக்கெட்டை எதில் வைப்பது

முதல் முடிவு, பாக்கெட்டைத் தாங்கும் மெமரிப் பகுதியான பஃபர். இதில் தவறினால் பிறகு எல்லா ஃபைலையும் திருத்த வேண்டியிருக்கும். அதனால் இங்கே நிறைய நேரம் செலவிடுங்கள்.

ஒவ்வொரு அடுக்கும் தன் ஹெடருக்கு இடம் வேண்டும் என்று புதிதாக மெமரி வாங்கி, பழையதை அதில் காப்பி செய்தால், 1460 பைட் டேட்டா மூன்று முறை காப்பி ஆகும். பலரும் முதலில் எழுதுவது இதைத்தான். மாற்று வழி, தொடக்கத்திலேயே முன்னால் காலியிடம் விட்டு மெமரி வாங்குவது. லினக்ஸ் இதற்காக ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நான்கு பாயிண்டர்கள் வைத்திருக்கிறது: மெமரியின் தொடக்கம், டேட்டாவின் தொடக்கம், டேட்டாவின் முடிவு, மெமரியின் முடிவு. ஹெடர் சேர்ப்பது என்றால் டேட்டாவின் தொடக்கத்தைப் பின்னுக்கு நகர்த்துவது. ஹெடரைக் கழற்றுவது என்றால் முன்னுக்கு நகர்த்துவது. ஒரு பைட்டும் இடம் மாறாது.

எண்களோடு பார்ப்போம். 2048 பைட் பஃபர் ஒன்றை எடுத்து, முன்னால் 128 பைட் காலியாக விடுகிறோம். டேட்டா 128ஆம் இடத்தில் தொடங்குகிறது. 1460 பைட் எழுதினால் முடிவு 1588. டிசிபி 20 பைட் பின்னுக்கு நகர்த்த, தொடக்கம் 108. ஐபி இன்னொரு 20 நகர்த்த, 88. ஈதர்நெட் 14 நகர்த்த, 74. இப்போது 1588லிருந்து 74ஐக் கழித்தால் 1514. எம்டியு 1500, ஈதர்நெட் ஹெடர் 14, கணக்கு சரி. காலியிடம் இன்னும் 74 பைட் மிச்சமிருக்கிறது.

மிச்சம் எதற்கு என்று தோன்றும். விஎக்ஸ்லேன் போன்ற, ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் சுரங்கவழி ஒன்றைப் பிறகு சேர்த்தால், வெளி ஈதர்நெட் 14, ஐபி 20, யுடிபி 8, விஎக்ஸ்லேன் 8 என்று மேலும் 50 பைட் முன்னால் வேண்டும். க்யூஇஎம்யு என்ற மெய்நிகர்க் கணினி மென்பொருளில் விர்ட்டியோ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டைப் பயன்படுத்தினால் அதற்கும் ஒரு சிறு ஹெடர் உண்டு: பழைய முறையில் 10 பைட், புதிய 1.0 முறையில் 12 பைட். இந்த 2 பைட் வித்தியாசத்தைக் கவனிக்காமல், வரும் பாக்கெட்டெல்லாம் இரண்டு பைட் நகர்ந்து தெரிவதைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் ஏராளம். ஆகவே காலியிடத்தின் அளவை டிசிபி தானாக முடிவு செய்யக் கூடாது. டிவைஸ் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லட்டும். மேலே இருக்கும் அடுக்குகள் தங்கள் பங்கைக் கூட்டிக்கொள்ளட்டும்.

இடம் போதாமல் ஹெடர் சேர்க்க முயன்றால் என்ன செய்வது? லினக்ஸ் அந்த இடத்திலேயே கெர்னலை நிறுத்திவிடுகிறது. கடுமையாகத் தோன்றினாலும் அதுதான் சரி. அமைதியாக விட்டால் பக்கத்து மெமரி கெடும், அதன் விளைவு எங்கோ தொடர்பில்லாத இடத்தில் தெரியும். உங்கள் ஃபங்ஷனிலும் அந்தச் சோதனையை முதல் நாளே வையுங்கள்.

பெறும் பக்கம் ஒரு நுணுக்கம். ஈதர்நெட் ஹெடர் 14 பைட் என்பதால், ஃபிரேமை 4இன் மடங்கான இடத்தில் வைத்தால் ஐபி ஹெடர் 4இன் மடங்கில் விழாது. சில செயலிகளில் அந்த முகவரியிலிருந்து 32 பிட் எண்ணைப் படித்தால் பிழை எழும். வேறு சிலவற்றில் வேகம் குறையும். தீர்வு எளிது: டிரைவர் பஃபரின் முன்னால் 2 பைட் விட்டு ஃபிரேமை இறக்கினால் ஐபி ஹெடர் 16ஆவது பைட்டில் அழகாக உட்காரும்.

பிஎஸ்டி வேறு வழியில் போனது. 128 பைட் கொண்ட சிறு துண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து அதற்கு எம்பஃப் என்று பெயர் வைத்தது. ஹெடருக்கு இடமில்லை என்றால் முன்னால் ஒரு துண்டைச் சேர்த்துவிடலாம். மெமரி மிகக் குறைவாக இருந்த காலத்துக்கு அது நல்ல தீர்வு. நுண்கட்டுப்படுத்திகளுக்காக ஆடம் டன்கெல்ஸ் எழுதிய எல்டபிள்யூஐபியும் துண்டுச் சங்கிலியைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் ஒரு ஹெடர் இரண்டு துண்டுகளில் பிளந்து கிடக்கலாம் என்பதை ஒவ்வொரு அடுக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முதல் முறை எழுதுகிறவருக்கு ஒரே தொடர்ச்சியான பஃபரும் தாராளமான காலியிடமும்தான் என் பரிந்துரை.

வந்த பாக்கெட் யாருக்கு

மேலே போகும் பாதையில் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு எண் இருக்கிறது. ஈதர்நெட் ஹெடரின் கடைசி 2 பைட் வகை எண். பதினாறடிமானத்தில் 0800 என்றால் ஐபி பதிப்பு 4, 0806 என்றால், ஐபி முகவரிக்குரிய வன்பொருள் முகவரியைக் கேட்டறியும் ஏஆர்பி. ஐபி ஹெடரில் நெறிமுறை எண் 1 என்றால் பிழைச்செய்திகளைச் சுமக்கும் ஐசிஎம்பி, 6 டிசிபி, 17 யுடிபி. அதற்கு மேலே, எந்த நிரலுக்கு என்று சொல்லும் போர்ட் எண்.

இந்த எண்களை டிரைவருக்குள்ளோ ஐபிக்குள்ளோ நேரடியாக எழுதி, 'இதுவென்றால் டிசிபியைக் கூப்பிடு' என்று கிளை பிரிக்க வேண்டாம். பதிவு செய்யும் ஃபங்ஷன் ஒன்று வையுங்கள். கெர்னல் தொடங்கும்போது யுடிபி வந்து '17 என்னுடையது, இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று சொல்லட்டும். ஐபியின் நெறிமுறை எண் 1 பைட்தான். 256 இடம் கொண்ட அணி போதும். இதனால் கிடைக்கும் உடனடிப் பயன், டிசிபி எழுதி முடிக்காமலே ஐபியைச் சோதிக்க முடியும் என்பது.

வகை எண்ணை ஒப்பிடும்போது பைட் வரிசையை மறக்க வேண்டாம். நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் வரும். எக்ஸ்86 செயலி அதை அப்படியே படித்தால் 0800 என்பது 0008 ஆகத் தெரியும், எந்தப் பாக்கெட்டும் எந்த அடுக்குக்கும் போகாது. எல்லையைக் கடந்ததும் உடனே மாற்றுவதா, பயன்படுத்தும் இடத்தில் மாற்றுவதா என்று ஒரே ஒரு விதி வையுங்கள். பயன்படுத்தும் இடத்தில் மாற்றுவது நல்லது. பாக்கெட்டுக்குள் இருப்பது எப்போதும் நெட்வொர்க் வரிசையிலேயே இருக்கும், இருமுறை மாற்றும் தவறு குறையும்.

அடுத்த பொறி, முதல் பத்தியில் சொன்ன நிரப்பல். டேட்டா இல்லாமல் 'வந்து சேர்ந்தது' என்று மட்டும் சொல்லும் டிசிபி ஒப்புகைப் பாக்கெட் ஐபி அளவில் 40 பைட். ஈதர்நெட் அதை 46 ஆக்கி அனுப்பும். பெறும் ஐபி அடுக்கு தன் ஹெடரில் உள்ள மொத்த நீளத்தைப் பார்த்து உபரியை வெட்டாவிட்டால், டிசிபி 6 பைட் டேட்டா வந்ததாக நினைக்கும். கணினி தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் லூப்பேக்கில் ஓட்டும்போது இந்தப் பிழை வராது, ஏனென்றால் அங்கே நிரப்பல் இல்லை. நிஜக் கேபிளில்தான் தெரியும். அதேபோல, சொன்ன நீளம் வந்த நீளத்தைவிட அதிகமாக இருந்தால் பாக்கெட்டை எறிந்துவிடுங்கள். ஐபி ஹெடர் எப்போதும் 20 பைட் என்று நம்பவும் வேண்டாம். அது 60 வரை போகலாம், உண்மையான நீளம் ஹெடரின் முதல் பைட்டிலேயே இருக்கிறது.

யாருடைய பாக்கெட், யார் விடுவிப்பது

கெர்னல் நெட்வொர்க் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில் அடங்கும். விதி சுருக்கமாக இருக்க வேண்டும்: கொடுத்தால் போயிற்று. ஒரு பாக்கெட்டை இன்னொரு அடுக்குக்குக் கொடுத்தபின் கொடுத்தவர் அதைத் தொடக் கூடாது. வாங்கியவர் வெற்றியானாலும் தோல்வியானாலும் அதை விடுவிக்க வேண்டும்.

'தோல்வியானாலும்' என்ற சொல்தான் முக்கியம். 'பிழை திரும்பினால் கூப்பிட்டவர் விடுவிப்பார்' என்று ஒரு ஃபங்ஷனும், 'எப்படியும் நானே விடுவிப்பேன்' என்று இன்னொன்றும் எழுதப்பட்டால், பிழைப் பாதையில் ஒன்று மெமரி கசியும், இல்லையேல் ஒரே பாக்கெட் இருமுறை விடுவிக்கப்படும். லினக்ஸில் டிரைவரின் அனுப்பு ஃபங்ஷனுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: 'பிஸி' என்று திரும்பினால் பாக்கெட் இன்னும் கூப்பிட்டவருடையது. அதையும் தவிர்க்கவே சொல்கிறார்கள். இடம் தீருமுன் டிரைவர் கியூவை நிறுத்தி, இடம் வந்ததும் மீண்டும் எழுப்ப வேண்டும்.

தொடக்கூடாது என்றால் படிக்கவும் கூடாது. டிரைவரில் அடிக்கடி காணும் தவறு: பாக்கெட்டை வன்பொருளிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்த வரியில் புள்ளிவிவரத்துக்காக அதன் நீளத்தைக் கூட்டுவது. இடையில் 'அனுப்பி முடிந்தது' என்ற இண்டரப்ட், அதாவது வன்பொருளின் குறுக்கீடு, இன்னொரு செயலியில் வந்து பாக்கெட்டை விடுவித்திருக்கலாம். நீளத்தை முன்னாலேயே ஒரு மாறியில் எடுத்து வையுங்கள்.

டிசிபிக்கு இந்த விதி இடிக்கும். ஒப்புகை வரும்வரை டேட்டா அதனிடம் இருந்தாக வேண்டும், மறுபடி அனுப்ப நேரலாம். அதனால் கீழே போவது ஒரு நகல். டேட்டாவைக் காப்பி செய்யாமல், அதே மெமரியைச் சுட்டும் இன்னொரு விவரக்குறிப்பை உருவாக்கி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒன்று கூட்டினால் போதும். எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருக்கும்போது ஹெடர் பகுதியில் எழுத வேண்டியிருந்தால் மட்டும் காப்பி செய்ய வேண்டும். முதல் பிரதி இன்னும் டிரைவரின் கியூவில் கிடக்கையில் டிசிபி மறு அனுப்பலுக்காக அதே ஹெடரைத் திருத்தினால், கம்பியில் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் போகும்.

ஏஆர்பியும் இதே வகை. வன்பொருள் முகவரி இன்னும் தெரியாதபோது ஐபி கொடுத்த பாக்கெட்டை என்ன செய்வது? கூப்பிட்டவரைக் காக்க வைக்க முடியாது. ஏஆர்பி அதை வாங்கி வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் விடுவிக்க வேண்டும். ஒரு முகவரிக்குக் கடைசியாக வந்த ஒரு பாக்கெட்டையாவது வைத்திருக்கும்படி இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1122 சொல்கிறது. வைக்காமல் எறிந்தால் முதல் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று சோதிக்கும் செய்தி) மட்டும் எப்போதும் தொலையும்.

எந்த நேரத்தில் கூப்பிடப்படுகிறோம்

டிரைவர் மேலே தள்ளும் நேரம் இண்டரப்ட் நேரம். அங்கிருந்து நேராக ஐபி, டிசிபி, சாக்கெட் என்று ஓடினால், அவ்வளவு நேரமும் மற்ற இண்டரப்ட்கள் காத்திருக்கும். எங்கும் தூங்க முடியாது. பிஎஸ்டியில் டிரைவர் பாக்கெட்டை ஐபியின் கியூவில் போட்டுவிட்டு வெளியேறிவிடும். மிச்சத்தை மென்பொருள் இண்டரப்ட் பார்த்துக்கொள்ளும். அந்தக் கியூவின் வரம்பு 50 பாக்கெட். வரம்பில்லாத கியூ வைக்காதீர்கள். மெமரி தீரும் நாளில்தான் அதன் விலை தெரியும்.

கியூ வைத்தாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. 1 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஃபிரேம்கள் வந்தால் செகண்டுக்குச் சுமார் 14.88 லட்சம். ஒவ்வொன்றுக்கும் ஒரு இண்டரப்ட் என்றால், செயலி வாங்கிப் போடுவதிலேயே முழு நேரத்தையும் செலவழிக்கும். கியூ நிரம்பி, வாங்கியதெல்லாம் எறியப்படும். செயலி நூறு சதவீதம் ஓடும், ஒரு பாக்கெட்டும் பயனருக்குப் போய்ச் சேராது. ஜெஃப்ரி மோகுலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996இல் இதை அலசித் தீர்வும் தந்தார்கள். லினக்ஸின் நேப்பி முறை அதே வழியில் செல்கிறது: முதல் பாக்கெட்டுக்கு இண்டரப்ட், உடனே அந்த டிவைஸின் இண்டரப்டை அணைத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு 64 என்ற அளவில் கெர்னலே போய் எடுத்துக்கொள்ளும். அளவுக்குக் குறைவாகக் கிடைத்தால் வேலை முடிந்தது, இண்டரப்டை மீண்டும் போடலாம். உங்கள் டிரைவர் இடைமுகத்தில் 'இத்தனை வரை எடு' என்ற ஃபங்ஷனை இப்போதே சேர்த்துவிட்டால் பிறகு மாற்ற வேண்டியிராது.

லாக்குகளுக்கு, அதாவது ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகளுக்கு, இங்கே ஒரு எச்சரிக்கை. லூப்பேக் முகவரியான 127.0.0.1க்கு அனுப்பும் பாக்கெட் கீழே போய் உடனே மேலே வரும். டிசிபி தன் சாக்கெட் லாக்கைப் பிடித்துக்கொண்டு அனுப்ப, லூப்பேக் டிவைஸ் அங்கேயே மேலடுக்கின் 'பெறு' ஃபங்ஷனைக் கூப்பிட்டால், அதே லாக்கை மறுபடி கேட்டு டெட்லாக் ஆகும், எதுவும் நகராமல் நிற்கும். லூப்பேக்கின் அனுப்பு ஃபங்ஷனும் கியூவில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். லினக்ஸும் அப்படித்தான் செய்கிறது.

அடுக்கு ஒழுகும் இடங்கள்

அடுக்குகள் ஒன்றையொன்று அறியக் கூடாது என்பார்கள். டிசிபியே அதை மீறுகிறது. அதன் சரிபார்ப்புக் கூட்டலில் 12 பைட் போலி ஹெடர் ஒன்று சேரும். அதில் அனுப்புநர், பெறுநர் ஐபி முகவரிகள் உண்டு. எந்த முகவரியிலிருந்து போகிறது என்பதை ஐபி முடிவு செய்யுமுன் டிசிபியால் கூட்டலைப் போட முடியாது. பாக்கெட்டில் எவ்வளவு டேட்டா வைக்கலாம் என்பதற்கும் எம்டியு தெரிய வேண்டும்.

அதனால் ஐபியின் இடைமுகத்தில் 'அனுப்பு' மட்டும் இருந்தால் போதாது. 'வழி தேடு' என்று தனி ஃபங்ஷன் வையுங்கள்: பெறுநர் முகவரியைக் கொடுத்தால் டிவைஸ், அனுப்புநர் முகவரி, எம்டியு மூன்றும் திரும்ப வேண்டும். டிசிபி இணைப்பு தொடங்கும்போது ஒருமுறை தேடி வைத்துக்கொள்ளலாம். இந்த ஒழுகலை மறைக்க முயன்று, ஐபிக்குள் டிசிபியின் கூட்டலைத் திருத்தும் வரிகளை எழுதுவதைவிட, வெளிப்படையான ஒரு கதவு எவ்வளவோ மேல்.

இப்போது முன்னே சொன்ன பிழைச்செய்திக் கதவு. எந்த நிரலும் காத்திராத யுடிபி போர்ட்டுக்கு அனுப்பினால் எதிர்முனை ஐசிஎம்பி செய்தி அனுப்பும். அதில் நம் பாக்கெட்டின் ஐபி ஹெடரும் அதையடுத்து குறைந்தது 8 பைட்டும் இருக்கும். யுடிபி, டிசிபி இரண்டுக்கும் போர்ட் எண்கள் முதல் 4 பைட்டில் இருப்பதால் எந்தச் சாக்கெட் என்று கண்டுபிடித்துவிடலாம். ஐசிஎம்பி அதைச் சரியான நெறிமுறையின் 'பிழை சொல்' ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். வழியில் எம்டியு சிறியது என்று சொல்லும் வகை 3, குறி 4 செய்தியும் இந்தக் கதவு வழியாகத்தான் வர வேண்டும். கதவு இல்லாவிட்டால் டிசிபி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பும்: இணைப்பு உருவாகும், சிறு செய்திகள் போகும், பெரிய ஃபைல் மட்டும் நின்றுவிடும்.

எந்த வரிசையில் எழுதுவது

பஃபரையும் அதன் சோதனைகளையும் முதலில் எழுதுங்கள். பிறகு லூப்பேக் டிவைஸ், ஐபி, ஐசிஎம்பி எதிரொலி; 127.0.0.1க்குப் பிங் போக வேண்டும். அடுத்து டிரைவரும் ஏஆர்பியும். க்யூஇஎம்யுவின் பயனர் வகை நெட்வொர்க்கில் உங்கள் இயங்குதளத்துக்கு வழக்கமாக 10.0.2.15, நுழைவாயில் 10.0.2.2. நுழைவாயிலுக்குப் பிங் போனால் ஏஆர்பி, பைட் வரிசை, சரிபார்ப்புக் கூட்டல் மூன்றும் சரி. க்யூஇஎம்யுவிலேயே பாக்கெட்டுகளை ஃபைலில் பதியும் வசதி இருக்கிறது. அதை, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் கருவியான வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். பின்னர் யுடிபி. டிசிபி கடைசி.

ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எண்ணிக்கைகளை அச்சிடுங்கள்: வாங்கிய பஃபர்கள், விடுவித்த பஃபர்கள். போக்குவரத்து நின்றதும், டிரைவர் பெறுவதற்காகத் தயாராக வைத்திருக்கும் பஃபர்களைக் கழித்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அது சமமான பிறகு, பஃபர் வாங்கும் ஃபங்ஷனை நூறில் ஒருமுறை வேண்டுமென்றே தோற்கச் செய்து மறுபடி ஓட்டுங்கள். மெமரி தீரும்போது மட்டும் நடக்கும் பிழைப் பாதைகள் அப்போதுதான் முதல் முறையாக ஓடும். எண்ணிக்கை எங்கே பிசகுகிறதோ அந்த எல்லையில் யார் விடுவிப்பது என்ற விதி இன்னும் எழுதப்படவில்லை.